பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

கேள்வி: வணக்கம். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களின் உடல்நலம் பற்றி நாங்கள் சில பேர் சேர்ந்து வீடு வீடாகப் போய் விவரம் கேட்டோம். சுமார் 180 பேர் மனம்விட்டுப் பேசினார்கள். மாதவிடாய்க் கோளாறு, கர்ப்பப்பை ஆபரேஷன், மூச்சு இளைப்பு, வட்டிக் கடன், சூப்பர்வைசர் தொந்தரவு, வீட்டில் அடி என்று எல்லாமே வந்திருக்கிறது. "பேர் வராதுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் எழுதினோம். இப்போது அறிக்கை போட வேண்டும். ஆராய்ச்சி செய்யும் ஒருவர் மொத்த எக்ஸெல் ஷீட்டையும் கேட்கிறார். பெயர், போன் நம்பர் இரண்டையும் நீக்கிவிட்டால் போதும் என்கிறார் எங்களில் ஒருவர். போன் நம்பரை ஹாஷ் செய்து வைத்துக்கொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் அறிக்கையில் உயிரே இருக்காதே என்று எனக்குக் கவலை. என்ன செய்யலாம்?

– ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

போதாது. பெயரும் நம்பரும் போன பிறகும் அந்த ஷீட்டில் ஆள் அப்படியே இருப்பார். இப்போதிருக்கும் வடிவத்தில் அதை யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். உங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை நீக்கியும் இருக்கிறேன், மாற்றியும் இருக்கிறேன். எவை என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் மாற்றியதில் பயன் இல்லை.

உங்கள் ஷீட்டில் இருக்கக்கூடிய ஒரு வரியை நானே கற்பனையாக எழுதிப் பார்க்கிறேன். வயது 43. கணவர் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். சொந்த ஊர் தேனி மாவட்டம். பேட்லாக் (ஒரு வகைத் தையல் மெஷின்) டெய்லர். ஒரே கம்பெனியில் 12 வருடம். லைன் வீட்டில் வாடகை. கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது. கடன் 2 லட்சம். வேலையிடத்தில் தொந்தரவு உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்'.

பெயர் இல்லை, நம்பர் இல்லை, கம்பெனி பெயர்கூட இல்லை. சென்னையில் இருக்கும் ஒருவர் படித்தால் யாரோ ஒரு பெண். அந்தப் பெண் வேலை செய்யும் லைனைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் படித்தால்? நாலைந்து விவரத்திலேயே ஆளைப் பிடித்துவிடுவார். வயது, ஊர், பிள்ளைகள், மெஷின் எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்தவை. கடைசி மூன்றுதான் புதுச் செய்தி. ஆபரேஷன் நடந்தது, கடன் இருக்கிறது, தன்னைப் பற்றி வெளியாட்களிடம் வாய் திறந்திருக்கிறார். திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண் அதே மெஷினில்தான் போய் உட்கார வேண்டும்.

அடையாளத்தை மறைப்பது என்றதும் எங்கோ இருக்கும் ஹேக்கர்தான் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறார். உங்கள் விஷயத்தில் ஆபத்து மிகப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர், மாமியார், கம்பெனி மேனேஜர், வட்டிக்குக் கொடுத்தவர், சீட்டுப் பிடிக்கிற அக்கா, இவர்கள் எல்லோருக்கும் பாதிக் கதை முன்பே தெரியும். மீதிப் பாதியை நீங்கள் அச்சடித்துக் கொடுத்துவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு வரியையும் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் இதைப் படித்தால் யார் என்று சொல்லிவிடுவாரா? சொல்லிவிட்டால், அவருக்கு இதுவரை தெரியாத எது தெரியவரும்? நான் கீழே சொல்கிற எல்லாமே இந்த இரண்டு கேள்வியிலிருந்து வருவதுதான்.

தூரத்து ஆளாலும் ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர், முகவரி நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் இரண்டு பட்டியலிலும் இருந்தன. பொருத்திப் பார்த்தபோது மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவே கையில் வந்துவிட்டது. இந்த மூன்று விவரத்தை வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று 2000ல் அவர் கணக்கிட்டார். 2006ல் வேறொருவர் திரும்பக் கணக்கிட்டபோது 63 சதவீதம் என்று வந்தது. அப்படியே வைத்துக்கொண்டாலும் பாதிக்கு மேல்.

நம் ஊரில் இது இன்னும் சுலபம். வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாக இணையத்தில் கிடைக்கிறது. பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் எல்லாம் அதில் உண்டு. உங்கள் ஷீட்டில் ஊரும் சரியான வயதும் இருந்தால், அந்த ஊரில் அந்த வயதுப் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிவிடலாம். சின்ன ஊராக இருந்தால் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும்.

அப்புறம், நம் கொங்குப் பக்கத்துக்கே உரிய அடையாளங்கள் சில இருக்கின்றன. வெளியூரில் எழுதிய எந்த வழிகாட்டியிலும் இவை இருக்காது. இங்கே ஆளைப் பெயரால் சொல்வதைவிடத் தோட்டத்தால் சொல்வதுதான் அதிகம். "பள்ளத்தோட்டத்து மருமக" என்று சொல்லிவிட்டால் அந்த ஊரில் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். பேட்டியில் தோட்டத்தின் பெயரோ காட்டின் பெயரோ கிணற்றின் பெயரோ வந்திருந்தால், அது ஆள் பெயருக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமும், அதாவது ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளி வகையும், அப்படித்தான். நீங்கள் 'எந்தக் கூட்டம்' என்று கேட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் பேச்சோடு பேச்சாகக் குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரைச் சொல்லியிருப்பார்கள். கோயிலைச் சொன்னால் கூட்டம் தெரியும், கூட்டமும் குடியிருக்கும் ஊரும் சேர்ந்தால் இரண்டு மூன்று குடும்பத்தில் வந்து நிற்கும். சாதியும் அவ்வாறே. பத்து வாசல் உள்ள லைன் வீட்டில் அந்தச் சாதிக் குடும்பம் ஒன்றே ஒன்று என்றால் பெயரே வேண்டியதில்லை. ஒரு செக்கிங் டேபிளில் ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருவர் மட்டும் என்றால், மாநிலமே அவருக்குப் பெயர்.

பேச்சு வழக்கையும் மறந்துவிடாதீர்கள். நம்மூர்க்காரர் "சொன்னாங்கங்க" என்பார், மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர் "சொன்னாய்ங்க" என்பார். மற்ற எல்லோரும் கொங்குப் பேச்சில் பேசும் ஒரு பவர்டேபிளை (சின்னத் தையல் கூடம்) பற்றிய பகுதியில் ஒரே ஒரு மதுரைப் பேச்சு வந்தால், அது யார் என்று அங்கே டெய்லருக்கு உதவியாக இருக்கும் கைமடிப் பெண்ணுக்கும் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஷீட்டை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் பெயர், நம்பர், முகவரி, அதோடு ஒரு குறி எண். மற்றதில் அந்தக் குறி எண்ணும் பதில்களும் மட்டும். முதல் கோப்பு உங்களில் ஒருவரிடம், ஒரே ஒரு கணினியில், கடவுச்சொல் போட்டு இருக்கட்டும். குறி எண்ணை 1, 2, 3 என்று பேட்டி எடுத்த வரிசையிலேயே கொடுக்காதீர்கள். நீங்கள் வீடு வீடாகப் போனவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் பக்கத்து வரியில் இருப்பார்கள். ஒருவரைக் கண்டுபிடித்தால் மேலும் கீழும் உள்ளவர்களும் சிக்கிவிடுவார்கள். வரிகளை நன்றாகக் கலைத்துப் போட்டுவிட்டு, எந்த ஒழுங்கும் இல்லாத எண்களைக் கொடுங்கள்.

ஹாஷ் யோசனை நல்ல எண்ணத்தில் வந்ததுதான், ஆனால் அது காப்பாற்றாது. ஹாஷ் என்பது ஒரு கணக்கு. எண்ணைக் கொடுத்தால் நீளமான ஒரு எழுத்துத் தொடரைத் தரும், அதே எண்ணுக்கு எப்போதும் அதே தொடர். தொடரிலிருந்து எண்ணுக்கு நேராகத் திரும்பி வர முடியாது என்பது உண்மை. திரும்பி வரத் தேவையே இல்லை என்பதுதான் சிக்கல். நம் நாட்டுக் கைபேசி எண் 10 இலக்கம், 6 முதல் 9 வரையில் ஏதாவது ஒன்றில் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடிக்கு மேல் இருக்க வழியில்லை. அத்தனையையும் வரிசையாக ஹாஷ் செய்து உங்கள் ஷீட்டோடு ஒப்பிட இன்றைய கணினிக்கு அதிக நேரம் பிடிக்காது. நியூயார்க் டாக்சிகளின் 17 கோடிக்கும் அதிகமான பயண விவரங்கள் 2014ல் வெளியானபோது வண்டி எண்களை இப்படித்தான் மறைத்திருந்தார்கள். விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருள் வல்லுநர் சில மணி நேரத்துக்குள் அவ்வளவையும் திறந்து காட்டினார். சூப்பர்வைசருக்கோ அந்தச் சிரமமும் இல்லை. அந்தப் பெண்ணின் நம்பர் அவர் போனிலேயே இருக்கிறது. அந்த ஒரு எண்ணை மட்டும் ஹாஷ் செய்து ஷீட்டில் தேடினால் போதும்.

அடுத்து, பதில்கள் இருக்கும் கோப்பைக் கரடுமுரடாக்க வேண்டும். 43 வயது என்பது 40–49 ஆகட்டும். தேனி என்பது 'தென் மாவட்டங்கள்' ஆகட்டும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மூன்றும் 'வெளிமாநிலம்' ஆகட்டும். 2 லட்சம் கடன் '1 முதல் 3 லட்சம்' ஆகட்டும். ஆபரேஷன் தேதியில் வருடம் மட்டும் போதும், அதுவும் தேவைப்பட்டால். பின்கோடு வாங்கியிருந்தால் கடைசி மூன்று இலக்கத்தை வெட்டிவிடுங்கள். திருப்பூர் மாவட்டத்துக்குள்ளேயே 641, 638, 642 மூன்றும் வரும், அந்த அளவு தெரிந்தால் போதும். அமெரிக்காவின் ஹிப்பா மருத்துவ விதிகளிலும் அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கத்துக்கு மேல் விடமாட்டார்கள். அந்த மூன்று இலக்கப் பகுதியில் 20,000 பேருக்கு மேல் வசித்தால்தான் அதற்கும் அனுமதி. 89 வயதைத் தாண்டியவர்களை எல்லாம் ஒரே பிரிவில் போட்டுவிடுவார்கள், ஏனென்றால் அந்த வயதில் ஆட்கள் குறைவு.

எதைக் கரடாக்குவது, எதை விடுவது என்று எப்படித் தீர்மானிப்பது? இங்கேதான் உங்கள் 'உயிர் போய்விடுமே' என்ற கவலைக்குப் பாதிப் பதில் இருக்கிறது. எல்லா விவரமும் எல்லாக் கேள்விக்கும் தேவைப்படாது. மூச்சு இளைப்பைப் பற்றி எழுதும்போது எந்தப் பிரிவில் வேலை என்பது முக்கியம், கட்டிங்கில் பறக்கும் பஞ்சுத்தூசு வேறு, பேக்கிங்கில் வேறு. எத்தனை பிள்ளைகள் என்பது அங்கே வேண்டாம். கர்ப்பப்பை ஆபரேஷனைப் பற்றி எழுதும்போது வயது வேண்டும், பிள்ளைகள் எத்தனை என்பதும் வேண்டும், எந்த மெஷின் என்பது வேண்டாம். ஆகவே ஒரே பெரிய ஷீட்டாகக் கொடுக்காமல், ஒவ்வொரு கேள்விக்கும் தேவையானதை மட்டும் வைத்துத் தனித்தனிச் சின்ன அட்டவணைகளாகப் போடுங்கள். அந்த அட்டவணைகளில் குறி எண் இருக்கவே கூடாது, இருந்தால் யாராவது திரும்பவும் கோத்துவிடுவார்கள்.

அட்டவணை தயாரானதும் எண்ணிப் பாருங்கள். எக்ஸெலில் பிவட் டேபிள் (வகைவாரியாகத் தொகுத்து எண்ணிக் காட்டும் வசதி) போட்டால் நிமிடத்தில் தெரியும். வயதுப் பிரிவு, ஊர்ப் பிரிவு, வேலைப் பிரிவு மூன்றும் ஒன்றாக உள்ளவர்கள் எத்தனை பேர்? ஐந்துக்குக் குறைந்தால் இன்னும் பெரிதாகச் சேருங்கள், அல்லது அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். தொந்தரவு, அடி, ஆபரேஷன் இவற்றுக்கு நானாக இருந்தால் பத்து என்று வைப்பேன். இப்படி ஒருவரை ஒரு கூட்டத்துக்குள் நிறுத்தும் முறைக்கும் வித்திட்டவர்களில் அதே ஸ்வீனி ஒருவர்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு கட்டத்தில் எட்டுப் பேர், எட்டுப் பேருமே 'தொந்தரவு உண்டு' என்று சொல்லியிருக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த எட்டில் நீங்கள் தேடும் பெண் யார் என்று யாருக்கும் தெரிய வேண்டியதே இல்லை. அவர் அந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பது தெரிந்தாலே அவர் சொன்னதும் தெரிந்துவிடும். எண்ணிக்கையோடு, உள்ளே பதில்கள் கலந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். கழித்தல் கணக்கையும் கவனியுங்கள். ஒரு பக்கத்தில் கம்பெனி முழுக்க 14 பேர் என்று போட்டு, வேறொரு பக்கத்தில் 'உள்ளூர்க்காரர்கள் 13 பேர்' என்று போட்டால், மீதி ஒருவரை நீங்களே தனியாக நிறுத்திவிட்டீர்கள்.

இனி அவர்கள் வாயால் சொன்ன வார்த்தைகள். அறிக்கையின் உயிர் என்று நீங்கள் சொல்வது இதைத்தான், ஆள் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இங்கேதான். மறுபடியும் ஒரு கற்பனைப் பேட்டி:

"எங்க வீட்டுக்காரர் போன ஆடிப் பதினெட்டு அன்னைக்கு பைக் ஆக்சிடென்ட்ல போயிட்டாருங்க. காரியம் முடிஞ்ச மக்காநாளே கம்பெனிக்குப் போனேன். பேட்லாக்குல நான் ஒருத்திதான் பொம்பளை. சூப்பர்வைசரு, 'இனிமே உனக்குக் கேக்க ஆளில்லை'ன்னு சொன்னாருங்க. பெரியவ பிளஸ் டூல ஸ்கூல் பர்ஸ்ட். அவ படிப்புக்காகத்தான் பொறுத்துக்கிட்டுப் போறேன்."

ஆடிப் பதினெட்டு, பைக் விபத்து இரண்டும் போதும், மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் வந்திருக்கும். பேட்லாக்கில் ஒரே பெண் என்பது கம்பெனியில் இருப்பவர்களுக்கு. ஸ்கூல் பர்ஸ்ட் என்பது ஊருக்கே, பள்ளிக்கூட வாசலில் பேனர் வைத்திருப்பார்கள். இந்த நான்கையும் எடுத்துவிட்டால் இப்படி நிற்கும்:

"வீட்டுக்காரர் தவறின கொஞ்ச நாள்லயே வேலைக்குப் போயிட்டேனுங்க. 'இனிமே உனக்குக் கேக்க ஆளில்லை'ன்னு சொன்னாங்க. புள்ளைங்க படிப்புக்காகத்தான் பொறுத்துக்கிட்டுப் போறேன்."

பாருங்கள், உயிர் எங்கும் போகவில்லை. வலி அப்படியே இருக்கிறது. ஆனால் இதிலும் ஒருவர் அடையாளம் கண்டுகொள்வார். 'கேக்க ஆளில்லை' என்று சொன்ன சூப்பர்வைசருக்குத் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை மறந்திருக்காது. அவரிடமிருந்துதான் அந்தப் பெண்ணை முக்கியமாகக் காக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் மேற்கோளை விட்டுவிட்டு, "கணவரை இழந்தவர்களிடம், கேட்க ஆளில்லை என்பதைச் சொல்லிக் காட்டியே அத்துமீறுகிறார்கள்" என்று உங்கள் வாக்கியமாக எழுதுங்கள். அதுவும் பலர் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும். ஒரே ஒருவர் சொன்னதைப் பலர் சொன்னதாக எழுதுவது பொய், அது உங்கள் அறிக்கையையே கவிழ்த்துவிடும்.

புனைபெயர் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். நாலாம் பக்கத்தில் 'செல்வி'யின் கணவர் கதை, பத்தாம் பக்கத்தில் 'செல்வி'யின் கடன், இருபதாம் பக்கத்தில் 'செல்வி'யின் ஆபரேஷன் என்று போனால், நீங்கள் பிரித்து வைத்த ஷீட்டை வாசகரே திரும்ப ஒட்டிக்கொள்வார். மேற்கோள்களுக்குப் பெயரே வேண்டாம். "நாற்பதுகளில் உள்ள ஒரு டெய்லர்" என்பது போதும். விவரத்தை மாற்றி எழுதுவதானால், மாற்றியிருக்கிறோம் என்று முன்னுரையில் சொல்லிவிடுங்கள். மாற்றும்போது பழி இன்னொருவர் மேல் விழக் கூடாது. திருப்பூர்க் கம்பெனியைக் கரூர் விசைத்தறி என்று மாற்றினால், சம்பந்தமே இல்லாத கரூர்க்காரர்கள்மேல் சந்தேகம் போகும்.

படங்களையும் கோப்புகளையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், பெரும்பாலும் பொதுவாகத் தெரிந்தவைதான். முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டுக் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டையும், கம்பெனி கோட்டின் நிறத்தையும், வாசலில் நிற்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்லின் நம்பர் பிளேட்டையும் விட்டுவிடுவார்கள். மங்கலாக்குவதைவிட முழுக் கறுப்பாக மூடுவது நல்லது, அதைவிட நல்லது முகமே இல்லாத படம். மெஷினில் ஓடும் கைகளை எடுங்கள், கையில் பச்சை குத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம், வெளியிடும் முன் அதை நீக்குங்கள். பிடிஎஃப்பில் பெயர்மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் வந்துவிடும். எக்ஸெலில் 'ஹைட்' செய்தது எதுவும் அழிந்தது ஆகாது. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை ஒரு தகவல் கேள்விக்குப் பதிலாக ஒரு எக்ஸெல் கோப்பை வெளியிட்டது. அதில் மறைந்திருந்த ஒரு ஷீட்டில் சுமார் 9,500 காவலர்கள், ஊழியர்களின் பெயர் விவரம் இருந்தது. பிவட் டேபிளும் மூல விவரத்தைத் தன்னோடு பதுக்கி வைத்திருக்கும். எனவே அனுப்பும் கோப்பைப் பழையதிலிருந்து வெட்டி உருவாக்காதீர்கள். புதுக் கோப்பு திறந்து, எண்களை மட்டும் அதில் ஒட்டுங்கள்.

காகிதப் படிவங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்? இதை யாரும் கேட்பதில்லை. வீடு காலி செய்யும்போது கட்டோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும், அங்கிருந்து டீக்கடைக்குப் போய் வடை மடிக்கும் தாளாகிவிடும். அதே தெருவில். வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள் அல்லது எரித்துவிடுங்கள், எப்போது என்று இன்றே ஒரு தேதி குறித்துவிடுங்கள். பெயர்ப் பட்டியல் கோப்புக்கும் அதே தேதி. பேட்டியைப் பதிவு செய்திருந்தால் குரலும் அடையாளம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. 2023ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காகிதத்தில் வாங்கிப் பிறகு கணினியில் ஏற்றிய விவரத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் அதில் விலக்கு உண்டு. ஆனால் அந்த விவரத்தை வைத்துத் தனி ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, வகுத்த நெறிகளின்படி நடக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. யாராவது எச்.ஐ.வி. பற்றிச் சொல்லியிருந்தால் அதற்கென்றே 2017ல் தனிச் சட்டம் உண்டு, எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது.

ஒன்று மட்டும் அவசரம். அந்த 180 பேரில் 18 வயது நிறையாத பெண் யாராவது பாலியல் தொந்தரவு பற்றிச் சொல்லியிருந்தால், அது அறிக்கைக்கான விவரம் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. வழக்கறிஞர் ஒருவரையோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ உடனே பாருங்கள், 1098க்கும் கூப்பிடலாம். பெரியவர்களில் யாராவது புகார் கொடுக்க விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் பவர்டேபிளாக இருந்தாலும் வேலையிடத்துப் பாலியல் தொந்தரவுப் புகாரை விசாரிக்கும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அங்கே பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் அது அவர் எடுக்கும் முடிவு. அறிக்கை மூலமாக அவருக்காக நீங்கள் அந்த முடிவை எடுத்துவிடக் கூடாது.

ஆராய்ச்சியாளர் விஷயம். அந்தப் பெண்கள் உங்களிடம் பேசச் சம்மதித்தார்கள், உங்கள் அறிக்கைக்குச் சம்மதித்தார்கள். மூன்றாம் ஆளிடம் மொத்தமும் போகும் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருடைய மாணவர், மாணவரின் பென்டிரைவ் என்று அது போய்க்கொண்டே இருக்கும். என்ன கேள்விக்கு விடை தேடுகிறார் என்று எழுதிக் கேளுங்கள். அதற்குத் தேவையான அட்டவணையை நீங்களே போட்டுக் கொடுங்கள். தனித்தனி வரிகள்தான் வேண்டும் என்று நின்றால், அவருடைய நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி, யாரையும் கண்டுபிடிக்க முயல மாட்டேன், யாருக்கும் தர மாட்டேன், இந்தத் தேதிக்குள் அழித்துவிடுவேன் என்ற எழுத்து உறுதி, இவை இல்லாமல் பேச்சே எடுக்காதீர்கள். இருந்தாலும், கரடாக்கிய வடிவத்தைத்தான் தர வேண்டும். அதற்கு முன் அந்தப் பெண்களிடம் மறுபடி கேட்க வேண்டும். வேண்டாம் என்றவர்களின் வரி போகக் கூடாது.

அச்சுக்குப் போகும் முன், மேற்கோள் வரும் ஒவ்வொருவருக்கும் அவருடைய பகுதியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, நேரில். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், அந்தப் போனை வீட்டில் நாலு பேர் எடுப்பார்கள். "இதைப் படிச்சா நீங்கதான்னு யாருக்காச்சும் தெரியுமாக்கா?" என்று கேளுங்கள். நம் கணக்கெல்லாம் காட்டாத ஒன்றை அவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். "இந்த வார்த்தையை நான் மட்டுந்தான் சொல்லுவேன், என்ற மாமியாளுக்குத் தெரியும்" என்றால் அதை எடுத்துவிடுங்கள், வாதாட வேண்டாம். எவ்வளவு செய்தாலும் ஆபத்து முழுக்கப் போய்விடாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் "பேர் வராதுங்க" என்றுதான் சொன்னீர்கள். அவர்கள் காதில் விழுந்தது "நான் யாருன்னு தெரியாது" என்பதாகத்தான் இருக்கும். அந்த வாக்கைத்தான் இப்போது காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

இப்போதைக்கு, அந்த ஷீட் உங்கள் குழுவின் வாட்ஸ்அப்பிலோ எல்லோருடைய மெயிலிலோ கிடந்தால் அங்கிருந்து நீக்கச் சொல்லுங்கள். எந்தெந்தத் தலைப்பை வைக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்று பார்த்துச் சொல்ல எனக்குச் சம்மதம்தான். திரும்ப எழுதும்போது ஷீட்டை இணைக்காதீர்கள். மேலே இருக்கும் தலைப்பு வரியை மட்டும் தனியாக எழுதி அனுப்புங்கள்.